ஓசூருக்கு முதலில் வேண்டியது எது?

2019ல் மாநகராட்சியாகி, 2022ல் முதல் தேர்தல் கண்ட ஓசூரில், 45 வார்டுகளுக்கும் அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரப்போகும் அபேட்சகர்களிடம் நாம் இப்போதே கேட்டு வைக்கிறோம்: உங்கள் ஜாபிதாவில் முதலில் நிற்பது எது?

2000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் மாநில சர்க்கார் சட்டசபையில் அறிவித்தது. ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகளாம். விமானத்தின் மேல் நமக்கு விரோதமில்லை. ஆனால் சிப்காட்டில் ஷிப்டு முடிந்த தொழிலாளி போய்ச் சேருவது, பலர் சேர்ந்து முடங்கும் ஒற்றை அறைக்கு.

அதைவிட அவசரம் தண்ணீர். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிக் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை பொங்குகிறது. அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. நடவுப் பெண்கள் அதில்தான் கால் வைத்து நிற்கிறார்கள். "கர்நாடகத்தின் குற்றம்" என்று கைகழுவினால் போதுமா? ஏரிக்கரையில் குடியிருக்கும் பெங்களூர்த் தொழிலாளியும் அதே நாற்றத்தைத்தான் சுவாசிக்கிறான். இரண்டு சர்க்கார்களையும் நெருக்கும் தீர்மானம் மாநகராட்சியிலிருந்து கிளம்பட்டும்.

இன்னொன்று. நிலம் எடுத்தால் பட்டாதாரருக்குப் பணம். பட்டா இல்லாத கூலிக்கு? அந்த நிலத்தில் மூன்றாண்டு உழைத்துப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணுகிறது, 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். கணக்கெடுக்கும் நாளில் அவர்கள் பெயர் ஏறுமா? ஏறுவதற்கு நிற்பேன் என்று எழுதிக் கொடுக்கும் அபேட்சகரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவோம்.