தேங்காயும் நெஞ்சும்

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத் தொடங்கிய தேங்காய் விலை, 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு காய் 200 ரூபாவையும் கடந்து நின்றமையை நாம் மறந்திலோம். விலை ஏறுந்தோறும் மக்கள் தமக்குள் கூறிக்கொள்ளும் ஆறுதல் ஒன்றுண்டு: தேங்காய் குறைந்தால் நெஞ்சுக்கு நல்லது என்பதே அது. இவ்வாறுதல் மெய்யா? மெய்யாயின் யாருக்கு மெய்?

தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு எனலாம். அக்கொழுப்புக் குருதியிலுள்ள தீய கொலஸ்திரோலை மிகுவிக்கும் இயல்பினது. இதனை நம் அயலிலேயே ஆராய்ந்தார் உளர். பேராதனை மருத்துவ பீடத்துப் பேராசிரியராயிருந்த சாந்தி மென்டிஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வு, தேங்காய்க் கொழுப்பும் சோயாக் கொழுப்பும் குருதியில் விளைவிப்பவற்றை ஒப்புநோக்கியது. 2001இல் அவரும் பிறரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எட்டு வாரம் தேங்காயைக் குறைத்து உண்டோரிடம் தீய கொலஸ்திரோல் ஏறக்குறைய 11 வீதம் தாழ்ந்தது. ஆதலின் அவ்வாறுதல் வெறுஞ்சொல்லன்று.

ஆயினும், 1990ஆம் ஆண்டு ஆய்வுக்கு உட்பட்டோர் இளம் ஆடவர். இஃது அவ்வாய்வுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரான அன்சல் கீஸ் 1958இல் தொடங்கி ஏழு நாடுகளில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் இடம்பெற்றோர் 12,763 பேர். அவருள் ஒருவரேனும் பெண்ணல்லர். நிரம்பிய கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்னும் உலகறிந்த அறிவுரைக்கு அவ்வாய்வு ஒரு பெருந்தூண்.

தமிழிலக்கணம் கற்போர் ஒன்றை அறிவர். ஆண்பாலாற் கூறியவிடத்தும் பெண்பாலையும் தழுவிக்கொள்ளுதல் நூல் மரபு. நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் எண்ணி மருத்துவஞ் செய்க என வள்ளுவர் வகுக்குமிடத்து, நோயாளியைக் குறிப்பது ஆண்பாற் சொல்லே. அது பெண்ணையும் உளப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. சொல்லுக்குப் பொருந்தும் இம்மரபு உடலுக்கும் பொருந்துமா? ஆடவர் குருதியிற் கண்டதைப் பெண்டிர்மேலும் ஏற்றிக் கூறியோர் இவ்வினாவை நெடுங்காலம் வினவினாரல்லர்.

வினவியபோது வேறுபாடுகள் தோன்றின. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன், நல்ல கொலஸ்திரோலை மிகுத்தும் தீயதைத் தாழ்த்தியும் பெண்ணுடலுக்குத் துணைநிற்கின்றது. அது குன்றியபின் தீயது ஏறுகின்றது. ஆகவே நெஞ்சுநோய் பெண்களுக்கு ஆடவரினும் ஏறக்குறையப் பத்தாண்டு பிந்தி வருகின்றது, வாராமல் ஒழிவதில்லை. மற்றொன்று, ட்ரைகிளிசரைட்டு என்னும் குருதிக் கொழுப்பைப் பற்றியது. அஃது லீற்றருக்கு ஒரு மில்லிமோல் ஏறுமிடத்து, இதய, குருதிக்குழாய் நோய்களுக்கான வாய்ப்பு ஆடவரில் 32 வீதமும் பெண்களில் 76 வீதமும் மிகுதல் 1996இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றிற் காணப்பட்டது. அளவிறந்த சோறும் மாவும் சீனியும் இக்கொழுப்பை ஏற்றுவன.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. அவருள் ஒரு பகுதியினர் ஏறக்குறைய எட்டாண்டு கொழுப்பைக் குறைத்து, தானியமும் காய்கனியும் கூட்டி உண்ண முயன்றும், நெஞ்சுநோய் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை. கொழுப்பை நீக்குதல் மட்டும் போதாது. அதனிடத்தில் எதனை வைக்கின்றோம் என்பதும் நோக்கற்பாலது.

இவ்வினா கண்டியைச் சூழ்ந்த தோட்டத்து இல்லங்களிலே கூர்மை பெறுகின்றது. அங்கே தேங்காய்க்கு விலையேறினால், இறுதியில் உண்ணும் தாயின் தட்டிலேதான் முதலிற் கறி குறையும். கோதுமைமா ரொட்டியும் சீனியிட்ட தேநீரும் அவ்விடத்தை நிரப்பும். அவ்வுணவு அவள் நெஞ்சுக்கு நல்லதென்று எங்ஙனம் கூறுவது? பருப்பும் கௌபியும் கீரையும் மீனும் சிறிது நல்லெண்ணெயும் அவ்விடத்துக்கு வருமாயின் ஆறுதல் மெய்யாகும். அன்றேல் அது வறுமைக்கு இட்ட மருத்துவப் பெயரே.

நெஞ்சுநோய் ஆடவர் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. 35 வயது கடந்த பெண்களுக்கென 1996 முதல் நம் நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் குருதியமுக்கமும் நீரிழிவும் சோதிக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தாயரை அனுப்புதல் மைந்தர் கடன். இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.