எதிர்ப்புச் சக்திப் பொடி வாங்கலாமா?



'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி' விளம்பரம் இந்த வாரமும் சுற்றுகிறது. நாலு பேர் எனக்கே அனுப்பி, "சார், வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டீர்கள். வேண்டாம்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கிருமியை மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு விழுங்கிவிடும். விழுங்கியதும் செத்துவிடும் என்றுதானே நினைப்போம்? சாகாது. தன்னை அடைத்த பைக்குள் செரிக்கும் அமிலம் வந்து சேராதபடி தடுத்துக்கொண்டு, அங்கேயே குடியிருக்கும். டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரந்த பிறகுதான் மேக்ரோபேஜுக்குக் கொல்லும் வலு வருகிறது. சைட்டோகைன் என்றால் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதத் தூது, அவ்வளவுதான். இந்தத் தூதை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே பெரிய நோயைத் தந்துவிடும். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைனை அடக்கும் ஊசி போடும் முன் டாக்டர்கள் காசநோய்ப் பரிசோதனை கேட்பதும் இதனால்தான். தூங்கிக் கிடக்கும் கிருமி எழுந்துவிடும்.

சரி, கூட்டிக்கொண்டே போனால் நல்லதா? கொரோனாவில் மிகவும் மோசமான பலருக்கு இந்தத் தூதுகள் அளவு மீறியதும் நுரையீரல் கெட ஒரு காரணம். அந்தக் கொந்தளிப்பை அடக்கத்தான் டெக்சாமெதசோன் கொடுத்தார்கள். பொடிக்காரர் எந்தத் தூதை, எவ்வளவு கூட்டுகிறார் என்று டப்பாவில் தேடிப் பாருங்கள். விலை மட்டும் தெளிவாக இருக்கும்.

கொல்லும் வலுவை உண்மையில் குறைப்பவை நம் ஊரிலேயே இருக்கின்றன. அரைவயிற்றுச் சாப்பாடு, கட்டுப்படாத சர்க்கரை, கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும்போது பறக்கும் தூசி. அதிலுள்ள சிலிக்கா மேக்ரோபேஜையே சாகடிக்கும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இருமினால் போதும்.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும்தான், பிள்ளைகளே!

உங்களில் சிலர் இன்று ஹெச்.ஆர்., சூப்பர்வைசர், காண்ட்ராக்டர். கேன்டீனில் ஒப்பந்த ஆட்களுக்கும் முட்டையும் பருப்பும் போடச் சொல்லுங்கள். கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். வருடம் ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நோய் என்று தெரிந்ததும் ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அது கொடுமை. சிகிச்சை இலவசம், பெரும்பாலோருக்கு ஆறு மாதம். நிக்ஷய் பதிவு இருந்தால் அத்திப்பள்ளி தாண்டி வேலை மாறினாலும் அங்கே தொடரலாம். சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசே தருகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் யாராவது உங்கள் லைனில் இருந்தால், நாளைக்கே அரசு மருத்துவமனைக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.