கொசுவுக்கு பாஸ்போர்ட் கிடையாது மக்களே!

1/ மழை விட்டதும் ஆலங்குடியில் எங்க ஓபி முழுக்க காய்ச்சல் பிள்ளைங்கதான். போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க: "கொசுவையே ஒழிக்கிற கொசு இருக்காமே டாக்டர், அதை நம்ம ஊர்ல விட மாட்டாங்களா?"
நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் ஆய்வு மையம் 2022ல் அறிவித்தது வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசு. அது மரபணு மாற்றிய கொசு அல்ல.

3/ மரபணு மாற்றியதில் முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு, ஆக்சிடெக் நிறுவனத்தோடது. அந்த ஆண் கொசுவுக்குப் பிறக்கும் பெண் புழுக்கள் வளரும் முன்பே செத்துவிடும். மகாராஷ்டிராவின் ஜால்னா பக்கம் 2017ல் கூண்டுக்குள் வைத்து சோதிக்க ஆரம்பித்தார்கள்.

4/ அடுத்தது 'ஜீன் டிரைவ்'. வழக்கமா பெற்றோரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போகும். இதில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் போகும். தலைமுறை தலைமுறையா தானே பரவும். இதுவரை உலகில் எங்கும் திறந்தவெளியில் விடவில்லை. என் கவலை இதில்தான்.

5/ ஏன்? மன்னாரைப் பாருங்க. 2016 செப்டம்பரில் இலங்கைக்கு 'மலேரியா இல்லாத நாடு' என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதே டிசம்பரில் மன்னார் கிணறுகளில் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி புழுக்கள் கிடைத்தன. அதுவரை இலங்கையில் பதிவாகாத கொசு. நம்ம ஊர் நகரங்களில் மலேரியா பரப்புற அதே கொசு! படகில் வந்திருக்கலாம் என்பது சந்தேகம்.

6/ நம்ம ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகள் ஓடுற அதே கடல்தான் அது. ஜீன் டிரைவ் கொசுவை இந்தக் கரையில் விட்டால், அந்தக் கரைக்கும் சேர்த்து நாமே முடிவெடுத்த மாதிரி ஆகிடும். ஒரு இனம் குறைந்த இடத்தை வேறொரு கொசு பிடிக்கலாம். மாத்திரை ஒத்துக்கலைனா நிறுத்திடலாம். பறந்துபோன கொசுவை?

7/ இந்தியா, இலங்கை ரெண்டுமே கார்டஹேனா உயிரிப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இருக்கின்றன. ஆபத்தான மரபணு மாற்ற உயிரி தவறிப்போய் எல்லை தாண்டினால், பக்கத்து நாட்டுக்குத் தெரியப்படுத்தணும் என்கிறது அதன் 17வது பிரிவு. தெரியப்படுத்துவது சம்மதம் ஆகாது. ஆபரேஷன் முடிச்சுட்டா கையெழுத்து வாங்குறோம்?

8/ இதை மறைத்துச் செய்யவும் கூடாது. 1970களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் மலட்டுக் கொசு ஆய்வு நடத்தின. 'உயிரிப் போர் ஆயுதம்' என்ற சந்தேகம் கிளம்பி, 1975ல் மூடப்பட்டது. மக்கள் நம்பிக்கை போனா ஆய்வும் போச்சு.

9/ நான் அறிவியலுக்கு எதிரி இல்லைங்க. டெங்குவில் தட்டணு குறைஞ்ச குழந்தையோட அப்பா முகத்தைப் பார்க்கிறவன், நல்ல ஆயுதம் வேணும்னுதான் நினைப்பேன். ஆனா விடுறதுக்கு முன்னாடி ரெண்டு கரை மக்களுக்கும் அவங்க மொழியில் சொல்லுங்க, ரெண்டு அரசும் ஒத்துக்கொள்ளட்டும், தவறினால் யார் பொறுப்பு என்று எழுதி வையுங்க.

10/ அந்த அம்மாவுக்கு நான் சொன்னது: "அது வர்றப்போ வரட்டும். தண்ணித் தொட்டியை வாரம் ஒருதரம் தேய்ச்சுக் கழுவி, மூடி வைங்கம்மா."
உங்களுக்கும் அதேதான்.