"அது ஜொகூர்லதானே?"

ஒரு சனிக்கிழமைக் காலை. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா சுங்கை பட்டாணியில் என் மேசைக்கு வந்தார். கணவரின் காருக்கு ரோட் டேக்ஸ் முடியப்போகிறது. பழைய பாலிசி, கார் கிராண்ட், அடையாளக் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். கிளைம் இல்லாததற்கான தள்ளுபடி, என்சிடி, 55 விழுக்காடு. ஐந்து நிமிட வேலை. எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "அவருக்கு ஜொகூர்ல கேஸாயிருச்சு தம்பி, குடிச்சிட்டு ஓட்டினாருன்னு. ரெண்டு வருஷம் லைசென்ஸ் கிடையாதாம். அது ஜொகூர்லதானே?"

காப்புறுதி முகவர் நண்பர்களே, இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். நிலமும் மதமும் மாநிலத்தின் கையில் இருப்பதால், சாலையும் அப்படித்தான் என்று நம் மக்கள் நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் லைசென்ஸைக் கொடுப்பது மாநிலம். அடுத்த மாநிலத்துத் தீர்ப்பு வீட்டுக்கு வந்து சேர, மாநிலங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சுற்றே இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் ஒன்று. ஜொகூர் பாருவில் பறிபோன உரிமை பாடாங் செராயிலும் இல்லை.

2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையானது. மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த அளவு 22 ஆனது, ரத்தத்தில் 80 மில்லிகிராம் 50 ஆனது. 45ஏ பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம். 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. லைசென்ஸ் தடை குறைந்தது 2 ஆண்டு, மறுபடி சிக்கினால் 5 ஆண்டு.

காப்புறுதியில் பலர் ஏமாறும் இடம் என்சிடி. அது கிளைமைப் பார்த்துக் குறைவது, தீர்ப்பைப் பார்த்து அல்ல. மோதல் இல்லாமல் சாலைச் சோதனையில் பிடிபட்டவருக்கு 55 விழுக்காடு அப்படியே நிற்கும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். காப்புறுதிச் சான்றிதழை எடுத்துப் படித்துப் பாருங்கள்: ஓட்டுபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், அல்லது முன்பு வைத்திருந்திருக்க வேண்டும், நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டவராக இருக்கக்கூடாது. லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்தவர் அந்த வாசகத்துக்குள் நிற்கலாம். தடை வாங்கியவர் நிற்க முடியாது. அவர் ஓட்டி மோதினால் சொந்தக் காருக்கு ஒரு காசு வராது. அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தீர்ப்பின்படி நிறுவனம் கொடுத்தாலும், அந்தப் பணத்தை நம் வாடிக்கையாளரிடமே திருப்பிக் கேட்கும். தோட்டத்துக் குடும்பத்தில் அந்தத் தொகைக்கு வீட்டை விற்க வேண்டிவரும்.

எல்லை தாண்டினால் கதை வேறு. சிங்கப்பூர் நீதிமன்றத் தடை இங்கும் தடையாகுமா என்பது தனிக் கேள்வி. ஆனால் நம் பாலிசி சிங்கப்பூரிலும் செல்லும். அங்கே குடித்துவிட்டு மோதியதும் பாலிசியின் குடிபோதை விலக்குக்குள்தான் வரும். புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹாட்யாய் போகிறவருக்குத் தனி நீட்டிப்பும், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியும் வேண்டும். தடை எந்த நாட்டு நீதிமன்றத்தினுடையது என்று பாலிசி பிரித்துச் சொல்லாவிட்டால், நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறோம். 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அந்த நினைவும் கூச்சமும் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. கூச்சம் புரிகிறது. ஆனால் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணைப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை. வேண்டுமென்றே மறைத்தால் பாலிசியே ரத்தாகலாம். புதுப்பிக்கும்போது தீர்ப்பு ஏதும் உண்டா என்ற கட்டத்தை நாமே "இல்லை" என்று நிரப்பிவிட்டால், அவருக்கு நாம் செய்தது துரோகம்.

அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். கார்ச் சாவி யாரிடம் என்று கேட்டேன். "அவருகிட்டதான்" என்றார். மகனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, குலிமில் வேலை. பெயர் சேர்க்காமல் அவன் ஓட்டி மோதினால் 400 வெள்ளி எக்ஸஸை நீங்களே கட்ட வேண்டிவரும் என்று சொல்லி, அவன் பெயரைச் சேர்த்தேன். நிறுவனத்துக்குத் தீர்ப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில் கணவரே திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டார். சாவியை மகன் வாங்கிக்கொண்டான்.