அடுப்படிப் பேச்சு: மூடியைத் திறக்காதேங்கோ



குரக்கன் மா பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் மூன்று நாளாகக் கைப்பையில் கொண்டு திரிந்தேன். எழுதியவர் ஒரு தாய். மகள் கனடாவிலிருந்து பெட்டி அனுப்பியிருக்கிறாளாம். உள்ளே முட்டை வடிவில் ஒரு மின்சாரச் சட்டி. ஸ்லோ குக்கர் என்று எழுதியிருக்கிறதாம், எட்டு மணித்தியாலம் அவிய விடச் சொல்கிறதாம். எட்டு மணித்தியாலம் அவிக்க எங்களிடம் என்ன இருக்கிறது பிள்ளை, அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டேன் என்று முடித்திருந்தார்.

அம்மா, அதைக் கீழே இறக்குங்கள். ஆனால் சுவரில் மட்டும் செருகிவிடாதீர்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். எங்களுடையது 230. நேரே செருகினால் உள்ளே இருக்கும் சூடாக்கி எரிந்துபோகும், புகையும் வரும். சட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை வோல்ற், எத்தனை வாற் என்று பொறித்திருக்கும். 120 என்று இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். சட்டி 250 வாற் என்றால் 500 வாற் தாங்கக்கூடியதாக வாங்குங்கள். லண்டனில் இருந்து வந்த சட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 230தான், செருகியை மட்டும் கவனித்தால் போதும்.

இனி, அதில் என்ன அவிப்பது என்பதற்கு வருகிறேன். எனக்கு அந்தச் சட்டியைப் பழக்கியவள் மெக்சிக்கோ நாட்டுக்காரி. நான் அதில் முதன்முதல் அவித்ததும் அவளுடைய ஊர்ப் பன்றி இறைச்சிதான்.

1999 முதல் 13 வருடம் நான் ரொறன்ரோவில் இருந்தேன். பகலில் தையல் வேலை, இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை. இரண்டுக்கும் இடையில் வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளுக்கு மூடி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. பஸ் தரிப்பிடம்வரை போவேன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று நெஞ்சு இடிக்கும். திரும்பி வந்து பார்ப்பேன். நிற்பாட்டித்தான் இருக்கும். மறுபடி போவேன். சில நாட்களில் இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

அது எங்கிருந்து வந்த வியாதி என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 பின்னேரம், வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனபோது எங்கள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போட்டாயிற்று. அம்மா சாமான்களைக் கட்ட, நான் பிள்ளையைத் தூக்க, அடுப்பை யார் பார்த்தது? மழையில் நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலுக்குள் நிற்கும்போதுதான் அம்மா கேட்டார்: "பிள்ளை, விறகை இழுத்தனியே?" எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது குசினியே இருக்கவில்லை. ஆகையால் அதைக் கேட்டு அறிய வழியும் இல்லை.

என்னோடு இரவு வேலை செய்தவள் என்னிலும் பத்து வயது மூத்தவள். மெக்சிக்கோவின் மேற்கிலுள்ள மிச்சோவாக்கான் மாநிலத்துக்காரி. இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். ஒருநாள் அவள் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நீர் ஏன் ஒவ்வொரு நாளும் பிந்துறீர்? புருஷன் அடிக்கிறவனே?" நான் அடுப்புக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றதில் ஐந்து டொலருக்கு வாங்கினேன் என்று ஒரு ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து தந்தாள். மூடியின் குமிழ் உடைந்திருந்தது. ஒரு தக்கையைச் செருகியிருந்தாள்.

இந்தச் சட்டிக்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டமாட்டார்கள். அதனால் லிதுவேனியாவில் அவருடைய குடும்பத்துப் பெண்கள் முதல்நாள் மாலையே அவரையும் இறைச்சியும் போட்ட பானையை ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டுபோய், ஆறிக்கொண்டிருக்கும் போறணைக்குள் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்களாம். தாயார் சொன்ன அந்தக் கதையில் இருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் 1971 இல் கிரொக் பொட் என்று பெயர் வைத்து விற்றது. வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கித் தள்ளினார்கள்.

நெருப்பு இல்லை. மண்சட்டி போன்ற ஓர் உட்சட்டி, அதைச் சுற்றி மெல்லிய சூடு. கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். நீராவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழும். ஆகவே வற்றாது, அடிப்பிடிக்காது. விட்டுவிட்டுப் போவதற்காகவே செய்த சட்டி.

அவள் சொல்லித்தந்த கறி, மன்னிக்கவும், கறி அல்ல, கார்னித்தாஸ். சிறு இறைச்சித் துண்டுகள் என்று பொருள். அவளுடைய தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் இதை நிறுத்து விற்றவராம். பெரிய செப்புக் கிடாரத்தில் பன்றிக் கொழுப்பை உருக்கி, அதற்குள் இறைச்சியை மணித்தியாலக் கணக்கில் மெல்லச் சுட வைத்துக் கடைசியில் நெருப்பைக் கூட்டி முறுக எடுப்பது அங்குள்ள வழக்கம். அந்தக் கிடாரங்களைச் சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்னும் ஊரில் இன்றும் கையால் தட்டிச் செய்கிறார்கள். "இந்தச் சட்டியில் செய்யிறது கார்னித்தாஸ் இல்லை. அப்பா பார்த்தால் பேசுவார். ஆனால் அப்பாவுக்கு இரண்டு வேலை இருக்கேல்லை" என்றாள்.

ஒன்றரைக் கிலோ பன்றித் தோள்பட்டை இறைச்சி வேண்டும். கொழுப்பு இல்லாத நல்ல துண்டு என்று கடைக்காரர் தொடையைத் தருவார், வாங்காதீர்கள். தோள்பட்டையில் ஓடும் வெள்ளை நாரும் கொழுப்பும்தான் நீண்ட நேரச் சூட்டில் உருகி இறைச்சியைப் பஞ்சாக்கும். தொடை இறைச்சி வறண்டு சக்கையாகும். நாலைந்து பெரிய துண்டுகளாக வெட்டி, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சின்னச்சீரகத்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுதூள், கிடைத்தால் காய்ந்த ஒரிகானோ இலை என்பவற்றைப் போட்டுப் பிசறுங்கள். ஒரு வெங்காயத்தை நாலாக வெட்டி அடியில் போட்டு, ஆறு பல் உள்ளியைத் தட்டிப் போட்டு, மேலே இறைச்சியை அடுக்குங்கள். ஒரு தோடம்பழமும் இரண்டு தேசிக்காயும் பிழிந்துவிட்டு, பிழிந்த தோடம்பழக் கோதையும் உள்ளே போட்டுவிடுங்கள். தண்ணீர் விடவேண்டாம். எனக்குக் கை சும்மா இருக்காமல் ஒரு கோப்பை விட்டேன். இறைச்சியே தண்ணீர் விட்டு, முடிவில் குளமாகிவிட்டது.

குறைந்த சூட்டில் எட்டு முதல் பத்து மணித்தியாலம். கூடிய சூட்டில் ஐந்து ஆறு. இடையில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் உள்ளே கட்டிவைத்த சூடு எல்லாம் போய், அது திரும்ப ஏற அரை மணித்தியாலமாவது பிடிக்கும். "மூடியைத் திறக்காதேயும். அது தன் பாட்டில் வேகும், உம்மைத் தேடாது" என்று என் தோழி விரலை ஆட்டிச் சொன்னாள்.

முதல்நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சட்டிக்கு முன்னால் கதிரை போட்டு எட்டு மணித்தியாலமும் இருந்தேன். பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். இரண்டாம் முறை கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைவரை போய் வந்தேன். மூன்றாம் முறை ஒரு புதன்கிழமை. காலை ஆறரைக்குச் சட்டியைப் போட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சு இடித்தது. பஸ் வந்தது. ஏறினேன். அன்றைக்கு நான் தைத்த சட்டைக் கைகளில் பாதியைப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டி வந்தது, அது வேறு கதை. பின்னேரம் மாடிப்படி ஏறும்போது இரண்டாம் மாடியிலேயே சீரகமும் தோடம்பழமும் மணந்தது. சாவியைப் போட முடியாமல் கொஞ்ச நேரம் கதவடியில் நின்றேன். குசினி இருந்தது. சட்டி இருந்தது. விட்டுவிட்டுப் போனது போலவே எல்லாம் இருந்தது.

வெந்த இறைச்சியை இரண்டு முள்ளுக்கரண்டியால் இழுத்தால் நார்நாராக வரும். இத்தோடு நிறுத்தினால் நோயாளிச் சாப்பாடு மாதிரித்தான் இருக்கும். தாச்சியைக் காயவைத்து, சட்டியில் மிதக்கும் கொழுப்பில் இரண்டு கரண்டி விட்டு, இறைச்சியைப் பரப்பிக் கிளறாமல் ஒரு பக்கம் முறுக விடவேண்டும். இதைத் தொர்த்தியா என்னும் சோள றொட்டியில் வைத்து, பொடியாக வெட்டிய வெங்காயமும் கொத்தமல்லி இலையும் தூவி, தேசிக்காய் பிழிந்து, மடித்துக் கையால் தின்பதுதான் தாக்கோ.

பன்றி அந்த நாட்டுக்கு ஸ்பானியர் கொண்டுவந்தது. சோளமும் மிளகாயும் அந்த மண்ணுக்கே உரியவை. போர்த்துக்கேயர் கொண்டுவரும்வரை எங்கள் பக்கத்தில் மிளகாய் என்பதே இல்லை, மிளகுதான். சோளத்தை அவர்கள் அப்படியே திரிப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைக்கிறார்கள். வெற்றிலைக்குப் போடுகிறோமே, அதே நீற்றுச் சுண்ணாம்பு. வெறும் சோளத்தில் உள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து எங்கள் உடம்பில் சேராது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளுக்கும் அமெரிக்கத் தென்பகுதி ஏழைகளுக்கும் பெலாக்ரா என்ற தோல்நோய் வந்து, புத்தி பேதலித்து, பலர் இறந்தார்கள். படிக்காத பெண்கள் என்று சொல்லப்பட்டவர்களின் கையில் அந்த அறிவு இருந்தது.

அரைப்பது மெத்தாத்தே என்ற கல்லில். எங்கள் அம்மிதான், ஆனால் மூன்று கால், முன்பக்கம் சரிவு. முழந்தாளிட்டு அரைக்கவேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு ஐந்து மணித்தியாலம்வரை அரைத்தார்கள். 1910 இல் புரட்சி வெடித்தபோது படைகளுக்குப் பின்னால் இந்தக் கல்லையும் பிள்ளையையும் சுமந்து நடந்த பெண்கள் ஏராளம். சிலர் துவக்கும் தூக்கினார்கள். பாட்டில் வருகிறவர்களுள் துவக்குத் தூக்கியவர்களும் உண்டு. 1920களில் தெப்போஸ்த்லான் என்ற ஊருக்கு அரைக்கும் ஆலை வந்தபோது ஆண்கள் எதிர்த்தார்களாம். கல்லில் அரைத்த ருசி இல்லை என்றும், மிச்ச நேரத்தில் பெண்கள் ஊர் சுற்றுவார்கள் என்றும் காரணம் சொன்னார்கள். பெண்கள் ஆலைக்கே போனார்கள். 1930களில் கார்தெனாஸ் சனாதிபதியின் அரசு கிராமப் பெண்கள் சங்கங்களுக்கே ஆலைகளைக் கொடுத்தது. எங்கள் மாதர் சங்கங்களில் இடியப்ப மாத் திரிக்கும் இயந்திரத்துக்கு எத்தனை கூட்டம், எத்தனை சண்டை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் தோழி வருடத்தில் ஒருநாள், மே மாதத்தில், கார்னித்தாஸ் செய்து ஒரு தட்டைத் தனியாக மூடி வைப்பாள். தம்பியின் பிறந்தநாள். 1998 இல் வடக்கே போகிறேன் என்று வெளிக்கிட்டவன், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு தகவல் இல்லை. செத்த வீட்டுச் சாப்பாடும் இல்லை, பிறந்தநாள் சாப்பாடும் இல்லை, என்ன பெயர் சொல்லுறது என்று கேட்பாள். எனக்கும் மூடிவைக்க ஒரு தட்டு இருந்தது. நாங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தோம்.

மெக்சிக்கோவில் காணாமற்போனோரின் அரசாங்கப் பதிவு 2022 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சினலோவா மாநிலத்தில் 2014 முதல் தாய்மார் மண்வெட்டியோடு தாங்களே தேடிப் போகிறார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு சமையல் புத்தகமும் செய்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் காணாமற்போன தன் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டின் செய்முறையைச் சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி அறிந்த அன்று என் தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு இன்னும் சில குறிப்புகள். உறைந்த இறைச்சியை அப்படியே போடாதீர்கள். சூடேறும் முன்னரே கெட்டுவிடும். சிவப்பு அவரை போடுவதானால் முதலில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாதாரண அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பின்பே போடவேண்டும். மெல்லிய சூட்டில் அதன் நஞ்சு போகாது. பன்றி சாப்பிடாத வீடு என்றால் கோழித் தொடை ஐந்து மணித்தியாலத்தில் வரும். சைவம் என்றால் பிஞ்சுப் பலாக்காய் நன்றாக நார்நாராகும், கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். சோள மா கிடைக்காவிட்டால் கோதுமை றொட்டியை மெல்லிதாகத் தட்டுங்கள். மெக்சிக்கோவின் வடக்கிலும் கோதுமையில்தான் செய்கிறார்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் நின்றால் உடனே எடுத்து விறகடுப்பிலோ எரிவாயுவிலோ அவித்து முடியுங்கள்.

உங்கள் மகள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், அங்கே அவளுடைய சட்டியில் என்ன அவிக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள் அம்மா.