நிலுவையை யார் வசூலிப்பது?

கேரள ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனைக்குச் செலுத்த வேண்டிய மாதக் கட்டணம் பொதுவாக வீட்டுக்கு 50 ரூபாய், கடைக்கு 100 ரூபாய். இந்த ஐம்பது ரூபாயைச் சுற்றி எழும் சச்சரவு, பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லைக் கிராமங்களில் நம் தோழர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அழைத்தாலும் கதவு திறக்காத வீடு, 'எங்களிடம் பிளாஸ்டிக்கே இல்லை' என்னும் வீடு, 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்று அரையாண்டைக் கடத்தும் வீடு என நிலுவை பலவாறாகச் சேர்கிறது.

சேனையின் பெண்கள் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்திலிருந்து வந்தவர்கள். அரசு ஊழியருக்கு உள்ளதுபோல் நிலையான மாதச் சம்பளம் அவர்களுக்கு இல்லை. வசூலாகும் கட்டணமே அவர்களது வருவாயின் பெரும்பகுதி. எனவே நிலுவை வைக்கும் ஒவ்வொரு வீடும் அந்த அளவுக்கு ஓர் உழைப்பாளிப் பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்திருக்கிறது. கூலி பாக்கிக்காகப் போராடிய வரலாறு கொண்ட இயக்கத்தினருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கட்டணம் கட்டாயமில்லை என்ற பரப்புரை 2023 தொடக்கத்தில் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. அது பொய். கழிவை உண்டாக்குவோர் உள்ளாட்சியின் துணைவிதிப்படி கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே கூறுகின்றன. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து கொச்சி நகரம் புகையில் திணறியபின் கேரளம் சட்டத்தை மேலும் இறுக்கியது. 2024இல் திருத்தப்பட்ட ஊராட்சிச் சட்டத்தின்படி, 90 நாள் கடந்தும் செலுத்தாதவரிடம் மாதம் 50 சதவீத அபராதத்துடன் பொது வரி நிலுவையைப் போல் வசூலிக்கலாம்.

சட்டத்தில் குறையில்லை, நடைமுறையில்தான் குறை. திருவனந்தபுரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் நிற்கிறது. மின்தூக்கி அருகே நிலுவைதாரர் பட்டியலை ஒட்டும் சங்கங்களும் உண்டு. 1983ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம், செலுத்தாத பொதுச்செலவுப் பங்கை அந்த வீட்டின் மீதே கடனாக ஏற்றுகிறது. சங்கத்தின் செயலாளர் கடிதம் எழுதுவார், பொருளாளர் கணக்குக் காட்டுவார், தேவைப்பட்டால் வழக்கறிஞர் வருவார். படிக்கட்டைப் பெருக்கும் அம்மாவிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து, 'நீயே போய் வசூலித்துக்கொள். கிடைப்பதே உன் கூலி' என்று எந்தச் சங்கமும் சொல்வதில்லை. நடுத்தர வர்க்கத்தின் சங்கத்துக்குக் கூச்சமாகப்படும் அந்தக் காரியத்தை நம் ஊராட்சிகள் மாதந்தோறும் செய்துவருகின்றன!

கழிவை வாங்குபவளே கடனையும் கேட்க நேரும்போது, கேட்கும் கைக்கு மதிப்பில்லாமல் போகிறது. வாசலில் வசவு கேட்பவள் அவள்தான். பெண் என்பதாலும், குப்பை தொடுபவர் மீது நம் சமூகம் வைத்திருக்கும் சாதி மனத்தாலும் அந்த வசவு கூடுதல் கூர்மை பெறுகிறது. வாசலில் கொடுக்கப்படாத பிளாஸ்டிக் எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அவர் நெய்யாற்றின்கரை வட்டத்தின் மாராயமுட்டத்தைச் சேர்ந்தவர். நம் பக்கத்து ஊர்க்காரர்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. பேச்சு இருபுறமும் கலந்தே கிடக்கிறது. மலையாளம் சரளமாகப் பேசினாலும் எழுதப் படிக்கத் தமிழ் மட்டுமே அறிந்த முதியோர் இங்கு உண்டு. மலையாளத்தில் 'பிழ' என்றால் அபராதம். தமிழ்க் காதில் அது 'பிழை' என்று விழுகிறது. பிழ வரும் என்று அறிவிப்புச் சொன்னால், தான் செய்த குற்றம் என்ன என்றுதான் அந்த மூதாட்டி திகைப்பாள். 'குடிசிகை' என்பதை 'நிலுவை' என்றும், 'பிழ' என்பதை 'அபராதம்' என்றும் அரைப்பக்கத் தமிழில் அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருக்கிறது. புரியாத மொழியில் அறிவித்துவிட்டு ஐம்பது சதவீதம் கேட்பது முறையாகாது.

எல்லா நிலுவையும் ஒரே தன்மையுடையதும் அன்று. பாலராமபுரத்தின் கைத்தறி நெசவாளிக்கோ, நூறுநாள் வேலைக் கூலி தாமதமாகும் குடும்பத்துக்கோ ஐம்பது ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு. மிக வறியோருக்கு விலக்கு அளிக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பட்டியலைக் கிராமசபையில் உரக்க வாசிக்க வேண்டும், விடுபட்டோர் அங்கேயே பெயர் சொல்ல முடியும். விலக்குப் பெறும் வீட்டின் கட்டணத்தை ஊராட்சி தன் நிதியிலிருந்து சேனைக்குக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஓர் ஏழையின் சுமையை இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றியவர்களாவோம். மறுபக்கம், இரண்டு கார் நிற்கும் முற்றத்தில் 'அடுத்த மாதம்' என்பவருக்கு 90 நாள் அவகாசமே தாராளம்.

ஆகவே நம் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: சேனைப் பெண்களுக்குரிய தொகையை ஊராட்சி மாதந்தோறும் முதலில் கொடுத்துவிட்டு, நிலுவையை வீட்டு வரியோடு சேர்த்துத் தானே வசூலிக்க வேண்டும், வாசலில் ரொக்கம் கேட்கும் பொறுப்பிலிருந்து அப்பெண்களை விடுவிக்க வேண்டும். ஊராட்சியிடம் நிதி எங்கே என்று கேட்பார்கள். வரி நிலுவையாக வசூலிக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போது அந்தக் கேள்வியில் வலுவில்லை. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் ஊராட்சிகளில் உள்ள கிளைகள் அடுத்த கிராமசபைக்கு முன் தத்தம் வார்டின் நிலுவைக் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். அதில் நம் உறுப்பினர் வீடு ஏதும் இருந்தால், அதை முதலில் தீர்த்துவிட்டு அவைக்குப் போகலாம்.