அது பொம்மை இல்லீங்க!

"இந்த வயசுல பொம்மையாடா?"

இந்தக் கேள்வியைக் கேக்காத ஆளே என் வட்டாரத்துல கிடையாது. அம்மா கேட்டாச்சு, ரூம்மேட் கேட்டாச்சு, ஆபீஸ்ல பக்கத்து சீட் சகாவும் கேட்டாச்சு. பொண்ணு பாக்கப் போற இடத்துல இதைப் பத்தி வாயைத் தொறக்காதேன்னு மாமா தனியா கூப்பிட்டு அட்வைஸ் வேற. :-) எல்லாம் சொந்தக்காரங்க, சிரிச்சு மழுப்பிடலாம். ஆனா இதே வார்த்தையை அரசாங்கமும் சொல்லி, அதுக்கு வரியும் போடும்போது மழுப்ப முடியல. அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு முன்னோட்டம். பிளாஸ்டிக் கார் கிட் பெட்டியைத் தொறந்தா உள்ள கார் இருக்காது. பாலிஸ்டைரீன் சட்டங்கள், அதுல நம்பர் போட்ட உதிரி பாகங்கள், நாலு டயர், தண்ணியில நனைச்சு ஒட்டுற டீகால் தாள், ஒரு செய்முறைத் தாள். அவ்ளோதான். வெட்டி, அரம் போட்டு, உப்புத்தாள் தேச்சு, ப்ரைமர் அடிச்சு, பெயிண்ட் அடிச்சு, ஒட்டி முடிக்க வேண்டியது நம்ம பாடு. சனி ஞாயிறு மட்டும் உக்காந்தா எனக்கு ரெண்டு மாசம் ஆகுது. இதுக்கான பசையும் காகிதம் ஒட்டுற பசை மாதிரி கிடையாது. ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைச்சு, ஒண்ணோட ஒண்ணு கலக்க வச்சுட்டு ஆவியாயிடும். கிட்டத்தட்ட வெல்டிங்.

ஜப்பான் கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவு, அமெரிக்கக் கிட்டுகள் 1/25. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1/24ல 18.75 செ.மீ. ஆயிடும். நிஜ காரில் கதவைச் சுத்தி 4 மி.மீ. இடுக்கு இருந்தா, இங்க அது 0.17 மி.மீ. தான் இருக்கணும். ஆனா பெயிண்ட் மட்டும் 24ல ஒரு பங்கா மெலிஞ்சு தராது. ரெண்டு கோட்டிங் கூடப் போனா கதவு இருந்த இடமே தெரியாம மூடிக்கும். அதனால பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டைக் கூரான கருவியால இன்னும் ஆழமா கீறி வைக்கணும். இது விளையாட்டா, டாலரன்ஸ் பாடமா? நீங்களே சொல்லுங்க.

நான் படிச்சது மெக்கானிக்கல். இப்போ பண்றது பொட்டி தட்டுறது (நம்மள்ல பாதிப் பேர் கதை இதானே!). காலேஜ்ல டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனைப் படம் போட்டு விளக்கி 13 மார்க் கேள்வியை ஒப்பேத்தினேன். ஆக்கர்மன் ஸ்டியரிங் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணி அப்படியே வாந்தி எடுத்தேன். ஆய்வகத்துல வெட்டி வச்ச இன்ஜின் ஒண்ணு இருந்துச்சு, தொட்டா திட்டு விழும். முன் சக்கரத்தோட ஸ்டியரிங் கை ரெண்டும் ஏன் பின் அச்சைப் பாத்து உள்பக்கமா சாய்ஞ்சிருக்குன்னு எனக்கு விளங்கினது வேலைக்குச் சேந்தப்புறம், முன் சக்கரம் திரும்புற ஒரு 1/24 கிட்டைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தப்போதான். உள்பக்கச் சக்கரம் கூடுதலா திரும்புது, வெளிப்பக்கச் சக்கரம் குறைவா திரும்புது. அந்தச் சாய்வு இல்லேன்னா ரெண்டும் ஒரே அளவு திரும்பி, வளைவுல டயர் தேயும். நாலு வருஷத்துல யாரும் கண்ணால காட்டாத சமாச்சாரம் இது.

கார் பண்ணத் தெரிஞ்ச ஊர்கள்ல இந்தச் சின்னக் கார்களை எப்படிப் பாத்தாங்கன்னு பாருங்க.

டெட்ராய்ட்டை எடுத்துக்குவோம். ஜெனரல் மோட்டார்ஸோட ஃபிஷர் பாடி பிரிவு 1930லேருந்து 1968 வரைக்கும் பையன்களுக்கு மாதிரி செய்யும் போட்டி ஒண்ணு நடத்துச்சு. பேரு ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட். மொதல்ல குதிரை வண்டி மாதிரி, அப்புறம் பசங்க தாங்களே வடிவமைச்ச 1/12 அளவு கார். ஜெயிச்சவங்களுக்குப் படிப்புக்கு உதவித்தொகை. அது கிட் இல்ல, முழுக்கக் கையாலயே செதுக்கினது. ஆனா கம்பெனி தேடினது கிட்டு கட்டுறப்போ வர்ற அதே கண்ணையும் கையையும்தான். 1947ல அதுல ஜெயிச்ச சக் ஜோர்டன்ங்கிற பையன், 1986ல அதே ஜெனரல் மோட்டார்ஸோட வடிவமைப்புத் துறைக்குத் துணைத் தலைவரா உக்காந்தார். பொம்மை செஞ்ச பையன்!

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்துலயே ஏஎம்டின்னு ஒரு கம்பெனி. கார் டீலர்களுக்கு விளம்பரத்துக்காகச் சின்னக் கார் பண்ணிக் குடுத்துட்டிருந்தவங்க, 1958ல அதே அச்சுகளை வச்சு 'மூணுல ஒண்ணு' கிட்டுகளை விட்டாங்க. ஒரே பெட்டியில, ஷோரூம்லேருந்து வந்தபடியே கட்டலாம், உங்க இஷ்டத்துக்கு மாத்திக் கட்டலாம், பந்தயக் காராவும் கட்டலாம். பாக்கெட் மணியில வாங்குற விலை. அடுத்த பத்து வருஷம் அமெரிக்கப் பசங்க மேசையெல்லாம் இதுதான்.

ஜப்பான் கதை இன்னும் ஒரு படி மேல. ஷிசுவோகா ஊர்க்காரங்க தமியா. 1976ல 1/12 போர்ஷே 934 கிட்டைக் கொண்டுவர்றதுக்காக நிஜ போர்ஷே 911 ஒண்ணையே விலைக்கு வாங்கிப் பிரிச்சுப் போட்டுப் பாத்தாங்க. பொம்மைக்காக யாராவது போர்ஷேவைப் பிரிப்பாங்களா சாமி?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சென்னைக்கு இந்தியாவின் டெட்ராய்ட்னு பேர் வச்சு மார் தட்டிக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஹூண்டாய் 1998லேருந்து கார் பண்ணுது. அதே ஸ்ரீபெரும்புதூர் பையன் ஒரு கிட் வாங்கணும்னா என்ன ஆகும்?

உலக நாடுகள் பயன்படுத்துற சுங்கப் பட்டியல்ல 9503ன்னு ஒரு தலைப்பு. மூணு சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் எல்லாம் அதுல அடக்கம். சிறு அளவு மாதிரிகளும் அதே தலைப்புலதான், ஆனா பொம்மைக்குப் பக்கத்துல தனியா பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கு. நம்ம அரசாங்கம் இந்தத் தலைப்புக்கான அடிப்படை சுங்க வரியை 2020ல 20 சதவீதத்துலேருந்து 60 ஆக்குச்சு. 2023ல 70. வர்த்தக ஒப்பந்தச் சலுகை இல்லாத நாட்டுலேருந்து ஒரு கடைக்காரர் 3000 ரூபா மதிப்புள்ள கிட்டை இறக்கினார்னு வைங்க. பழைய கணக்குல வரி 600. 70 சதவீதக் கணக்குல 2100. இதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல கடைக்காரர் லாபம். மொத்தத்துல ஒரு காலேஜ் பையனோட மாச மெஸ் பில்லு.

"மட்டமான சீன பொம்மையைத் தடுக்கத்தானே வரி"ன்னு வருவீங்க. ஒத்துக்கறேன். ஈயம் கலந்த பெயிண்ட் அடிச்ச கிலுகிலுப்பை குழந்தை வாய்க்குப் போகக் கூடாது. அதுக்குத்தான் 2020ல தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டாங்க. ஆனா அந்த ஆணை 14 வயசுக்கு உட்பட்டவங்க விளையாடுற பொருளுக்கு. நான் வாங்கின கிட் பெட்டிகள்ல '14 வயசுக்கு மேல'ன்னு அச்சடிச்சே வருது. கத்தியும் கரைப்பானும் பொழங்குற வேலை, அதனால. ஆக, பாதுகாப்புன்னு வந்தா இது பெரியவங்க சமாச்சாரம், வரின்னு வந்தா மட்டும் கிலுகிலுப்பைக்கு அண்ணன்!

"உள்நாட்டுத் தொழில் வளரும்ல?" சரி, வளரட்டும், சந்தோஷம். மரப் பொம்மை, துணிப் பொம்மைக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனா நான் வாங்கின ஒரு கார் கிட் பெட்டிமேலயும் நம்ம ஊர் பேரைப் பாத்ததில்ல. காரணம் கஷ்டமான கணக்கெல்லாம் இல்ல. ஒரு கிட்டுக்கான எஃகு அச்சு செதுக்கவே பெரும் செலவு. ஆயிரக்கணக்குல வித்தாத்தான் போட்ட காசு வரும். அதனாலதான் பெரிய கம்பெனிகளே அறுபதுகள்ல செதுக்கின அச்சை இன்னும் தூசு தட்டி ஓட்டுறாங்க. கட்டுற பசங்களே இல்லாத ஊர்ல எவன் அச்சு செதுக்குவான்? மொதல்ல வாங்குறவன் உருவாகணும், அப்புறம்தான் செய்றவன். வரியைப் போட்டு வாங்குறவனையே விரட்டிட்டு தொழில் வளரும்னா எப்படிங்க?

"பணக்காரப் பசங்க பொழுதுபோக்குக்கு நீ ஏன் வக்காலத்து?" இதுதான் என்னை உசுப்பேத்துற கேள்வி. இதைப் பணக்காரப் பொழுதுபோக்கா ஆக்கினதுல அந்த வரிக்கும் பங்கு இருக்கு. வசதியுள்ளவன் எவ்வளவு வரி போட்டாலும் வாங்குவான், இல்லேன்னா ரெடிமேட் டைகாஸ்ட் காரை வாங்கிக் கண்ணாடி அலமாரில வச்சுப் பாத்துப்பான். நஷ்டம், பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் படிச்சிட்டு ஒரு சஸ்பென்ஷனைக்கூடக் கையால கோத்துப் பாக்காமலே வெளிய வர்ற பையனுக்கு.

கோடி ரூபா திட்டம் எதுவும் கேக்கல. சுங்கப் பட்டியல்ல 14 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான கட்டுமான மாதிரிகளுக்குத் தனியா ஒரு துணை வரிசை போட்டு, பழைய 20 சதவீதத்துக்குக் கொண்டுவாங்க. ஆட்டோமொபைல் பாடம் நடத்துற ஒவ்வொரு காலேஜும் வருஷத்துக்குப் பத்து கிட் வாங்கி, நாலு பேருக்கு ஒண்ணுன்னு குடுத்துக் கட்டச் சொல்லுங்க. கட்டி முடிச்சதும் வைவால அதை வச்சே கேள்வி கேளுங்க. மனப்பாடம் பண்ணினவன் யாரு, புரிஞ்சவன் யாருன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. ஒரே ஒரு நிபந்தனை: வர்றதுக்கு முன்னாடி ஒரு கிட்டாவது கட்டிட்டு வாங்க. :-)

டிஸ்கி: பசை, பெயிண்ட் பொழங்கும்போது ஜன்னலைத் தொறந்து வைங்க. கண்ணாடிப் பாகத்துக்கு ஃபெவிக்விக் வகையறா மட்டும் வேண்டவே வேண்டாம், அதோட ஆவி பட்டாலே வெள்ளை பூத்துடும்.